குதிகால் ரத்த அட்டை: பிறந்து எத்தனை மணி நேரத்தில் எடுப்பது, எதனால் திருப்பி அனுப்புகிறார்கள்?

வார்டு_செவிலி கேட்டது:

பிரசவ வார்டுக்கு, பிறந்த குழந்தை ஸ்கிரீனிங் பற்றி, அதாவது குதிகாலில் குத்தி ரத்தச் சொட்டுகளைப் பேப்பர் அட்டையில் காயவைத்துப் பிறவி நோய்களைத் தேடுவது பற்றி, ஒரு செயல்முறைக் குறிப்பு எழுதுகிறேன். புதிதாக வரும் சிஸ்டர்கள் அதைப் பார்த்தே வேலையை முடிக்கும்படி இருக்க வேண்டும். என்ன செய்வது என்பது புத்தகங்களில் இருக்கிறது. ஏன் என்பது பல இடங்களில் இல்லை. அந்த இடங்களில்தான் கை தவறுகிறது.

1. சுகப்பிரசவம் என்றால் 24 மணி நேரம் முடியும் முன்பே டிஸ்சார்ஜ் கேட்கிறார்கள். குறிப்புகளோ 48 மணிக்கு மேல் எடு என்கின்றன. முன்னாலேயே எடுத்தால் கெடுவது எது?

2. ஆய்வகம் அட்டையைத் திருப்பும்போது 'போதவில்லை', 'அடுக்கு', 'சீரம் வளையம்' என்று ஒற்றைச் சொல்லில் முடித்துவிடுகிறது. கையில் எந்தத் தப்பு நடந்தால் எது வரும்?

3. குறைமாதக் குழந்தை, ரத்தம் ஏற்றிய குழந்தை, இரட்டையர்: இவர்களுக்கு என்ன மாற்றம்?

4. 'டிஎஸ்எச் 28, மறுமாதிரி தேவை' என்று முடிவு வந்தால் (டிஎஸ்எச் என்பது தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) அது எவ்வளவு அவசரம்? பெற்றோரை இன்றே வரச் சொல்வதா, அடுத்த வாரம் போதுமா?

---

பொட்டு_மேஜை (ஸ்கிரீனிங் ஆய்வகம்):

சிஸ்டர், இரண்டாவதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அது புரிந்தால் மற்றதில் பாதி புரிந்துவிடும்.

உங்கள் அட்டை எங்களிடம் வந்ததும், காய்ந்த ரத்தப் பொட்டிலிருந்து 3.2 மி.மீ. விட்டமுள்ள சிறு வில்லையாக இயந்திரம் துளைத்தெடுக்கும். ஒரு வில்லையில் சுமார் 3 மைக்ரோலிட்டர் ரத்தம் இருக்கிறது என்பது எங்கள் கணக்கு. நாங்கள் தரும் எல்லா எண்களும் அந்த 3 மைக்ரோலிட்டர் மேல்தான் நிற்கின்றன. பேப்பரில் ரத்தம் ஒரே சீராக ஊறியிருந்தால் கணக்கு சரி. இல்லையென்றால் இயந்திரத்துக்கு அது தெரியாது, அது பாட்டுக்கு ஓர் எண்ணைத் தரும்.

'போதவில்லை' என்றால், முன்பக்கம் வட்டம் நிரம்பியிருக்கிறது, பின்பக்கம் திருப்பினால் வெள்ளை தெரிகிறது. வில்லையில் ரத்தம் குறைவு, டிஎஸ்எச்சும் குறைவாக வரும். நோயுள்ள குழந்தை நார்மல் என்று வீட்டுக்குப் போய்விடும். அட்டை திரும்பி வந்தால் எரிச்சல் வருவது நியாயம்தான், ஆனால் திரும்பி வராமல் ஓடிவிடும் குறை அட்டைதான் ஆபத்தானது.

'அடுக்கு' இதற்கு நேர் எதிர். ஒரு சொட்டு வைத்து அது காயும்போதே அதன் மேல் இன்னொன்று, அல்லது முன்பக்கம் ஒன்று பின்பக்கம் ஒன்று. வில்லையில் ரத்தம் கூடுதல், எண்ணும் கூடுதல். ஒன்றுமில்லாத குழந்தையை அலைய வைப்போம்.

'சீரம் வளையம்' என்பது பொட்டைச் சுற்றி வெளிர் மஞ்சளாகத் தெரியும் வட்டம். குதிகாலைப் பிழிந்தால் திசுநீர் கலந்து இது வரும். ஸ்பிரிட் உலராமல் குத்தினாலும் வரும், ஈர அட்டையைச் செங்குத்தாக மாட்டி வைத்தாலும் வரும். பிழிவதில் இன்னொரு கேடு, சிவப்பணுக்கள் உடைவது.

இனி கை வேலை. குத்தும் இடம் பாதத்தின் அடிப்பக்கம், குதிகாலின் உள் ஓரம் அல்லது வெளி ஓரம். பின்வளைவில் குத்தக்கூடாது. அங்கே தோலுக்கும் எலும்புக்கும் இடைவெளி மிகக் குறைவு, எலும்பில் சீழ் பிடிக்கலாம். ஏற்கெனவே குத்திய புள்ளியில் மறுபடி குத்தாதீர்கள். ஆழம் 2 மி.மீ.யைத் தாண்டக்கூடாது. கீறும் வகை லான்செட் கிடைத்தால் அதையே வாங்குங்கள்: முழுமாதக் குழந்தைக்கு 1.0 மி.மீ. ஆழமும் 2.5 மி.மீ. நீளமும், குறைமாதத்துக்கு 0.85 மி.மீ. ஆழம். ஊசி குத்திய ஓட்டையைவிடக் கீறலில் ரத்தம் தானாக வழியும், பிழியவே தோன்றாது.

குத்துவதற்கு முன் குதிகாலை 3 முதல் 5 நிமிடம் வெதுவெதுப்பாக வையுங்கள். துணியின் சூடு 42 டிகிரி செல்சியஸைத் தாண்ட வேண்டாம். கால் இதயத்துக்குக் கீழே தொங்கட்டும். 70% ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்து, முழுக்க உலரவிட்டுக் குத்துங்கள். முதல் சொட்டைப் பஞ்சால் அல்ல, காஸ் துணியால் துடைத்தெறியுங்கள். பஞ்சு இழை விடும். இரண்டாவது சொட்டு பெரிதாகத் திரளும்வரை பொறுங்கள். அவசரப்படுகிற இடம் இதுதான். சொட்டு கனத்து விழப்போகும் நேரத்தில் பேப்பரை அதில் தொடவிட்டால், ஒரே மூச்சில் வட்டம் முழுக்க இழுத்துக்கொள்ளும். தோலைப் பேப்பரில் அழுத்தக்கூடாது. ஒரு வட்டம், ஒரு சொட்டு, ஒரே பக்கம். பின்பக்கம் பார்த்து, அதே அளவு சிவப்பு தெரிந்தால் அடுத்த வட்டம். ரத்தம் நின்றுபோனால் பாதி வட்டத்தை ஒப்பேற்றாமல் அடுத்த காலில் புதிதாக எடுங்கள். நான்கு அரைகுறை வட்டங்களைவிட இரண்டு முழு வட்டங்கள் எங்களுக்கு உதவும்.

குழந்தை தாயிடம் பால் குடித்துக்கொண்டிருக்கும்போது எடுத்தால் அழுகை குறையும். ஆனால் பால் ஒரு துளிகூட அட்டையில் படக்கூடாது. கையுறை பவுடர், கிரீம், ஸ்பிரிட் எல்லாமே பேப்பருக்குப் பகை.

உலர்த்துவது: கிடைமட்டமாக, இரண்டு பக்கமும் காற்றுப் படும்படி, அறை வெப்பத்தில் குறைந்தது 3 மணி நேரம். வெயில், வார்மர் விளக்கு, ஹேர் டிரையர் எதுவும் வேண்டாம். ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கவும் வேண்டாம், ஒரு குழந்தையின் ரத்தம் இன்னொன்றின் அட்டையில் ஒட்டும். நன்றாகக் காய்ந்த பொட்டு கரும்பழுப்பாக இருக்கும். பளிச்சென்று சிவந்திருந்தால் இன்னும் ஈரம் என்று பொருள். காய்ந்த பிறகு 24 மணி நேரத்துக்குள் அனுப்பிவிடுங்கள். வாரம் ஒரு தடவை மொத்தமாக அனுப்புவது ஸ்கிரீனிங்கே ஆகாது.

---

ஹார்மோன்_ஓபி (குழந்தை நாளமில்லாச் சுரப்பி மருத்துவர்):

நேரத்துக்கு வருகிறேன். பிறந்த அரை மணியில் குழந்தையின் டிஎஸ்எச் சட்டென்று 60, 80 வரை எகிறும். வெளிக்குளிர் பட்டதன் விளைவு, இயல்பானது. முதல் 24 மணியில் வேகமாக இறங்கி, அதற்குப் பிறகு மெதுவாகத் தணியும். 12 மணியில் எடுத்த அட்டையில் 30 இருந்தால் அது நோயா எழுச்சியா என்று யாராலும் சொல்ல முடியாது.

பினைல்கீட்டோனூரியா போன்ற அமினோ அமில நோய்களில் சிக்கல் தலைகீழ். கருவில் இருக்கும்வரை தாயின் உடல் பினைலலனின் என்ற அமினோ அமிலத்தை அகற்றிக்கொண்டிருந்தது. பால் குடித்துப் புரதம் சேர்ந்தால்தான் அது ஏறும். முன்னாலேயே எடுத்தால் நோயுள்ள குழந்தை தப்பிவிடும். ஆக, சீக்கிரம் எடுத்த ஒரே அட்டை ஒரு நோயில் வீண் அலாரம் அடிக்கும், இன்னொன்றில் வாய் திறக்காது. தாமதமும் லாபமில்லை. விஎல்சிஏடி எனும் கொழுப்பமிலக் கோளாறில், குழந்தை நன்றாகப் பால் குடிக்கத் தொடங்கியதும் அடையாளப் பொருள் இறங்கிவிடலாம். 48 முதல் 72 மணி என்பது இத்தனைக்கும் நடுவே கண்ட சமரசம்.

24 மணிக்குள் வீட்டுக்குப் போகிறார்கள் என்றால், அட்டை எடுக்காமல் விடாதீர்கள். எடுத்து, அட்டையிலேயே '24 மணிக்கு முன்' என்று எழுதி, இரண்டாவது அட்டைக்கான தேதியைக் கையில் கொடுத்து அனுப்புங்கள். பின்னால் வரச் சொல்லி முதல் அட்டையையே தள்ளிவைத்தால், திரும்பி வராத குழந்தைக்கு ஒன்றுமே இருக்காது.

டிஎஸ்எச் 28-க்கு முன்னால் ஒரு கேள்வி: எந்த அலகு? சில ஆய்வகங்கள் முழு ரத்த அலகில் தருகின்றன, சில சீரம் (சிவப்பணு நீக்கிய ரத்தநீர்) அலகில். முழு ரத்த எண்ணை 2.2-ஆல் பெருக்கினால் சீரம் எண். முழு ரத்தத்தில் 28 என்றால் சீரத்தில் 60-ஐத் தாண்டுகிறது! இந்த ஒரு வரியை உங்கள் குறிப்பில் கொட்டை எழுத்தில் போடுங்கள்.

சீரம் அலகில் 28, 48 மணிக்கு மேல் எடுத்தது என்றால்: இன்றோ நாளையோ வரச் சொல்லி, சிரை ரத்தத்தில் டிஎஸ்எச்சும் ஃப்ரீ டி4-உம் (தைராய்டு சுரக்கும் ஹார்மோன்) பாருங்கள். அடுத்த வாரம் என்று தள்ள வேண்டாம். சீரம் அலகில் 40-க்கு மேல் என்றால், சிரை ரத்தம் எடுத்த கையோடு தைராய்டு ஹார்மோன் மாத்திரையைத் தொடங்கிவிடுவோம், முடிவுக்குக் காத்திருப்பதில்லை. பிறவித் தைராய்டு குறைபாடு ஏறத்தாழ 2,000 முதல் 4,000 குழந்தைகளில் ஒன்றுக்கு வருகிறது. வயது இரண்டு வாரம் ஆவதற்குள் மருந்து ஏறிவிட்டால் மூளை வளர்ச்சி பெரும்பாலும் காப்பாற்றப்படும்.

அளவு கிலோவுக்கு ஒரு நாளைக்கு 10 முதல் 15 மைக்ரோகிராம் லெவோதைராக்சின். 3 கிலோ குழந்தைக்கு 37.5 மைக்ரோகிராம், அதாவது 25 மாத்திரை ஒன்றரை. கரண்டியில் நசுக்கி, சில மி.லி. தாய்ப்பால் அல்லது தண்ணீரில் கலந்து, அப்போதே புகட்ட வேண்டும். பாட்டில் பாலில் கலந்தால் மீதி வைத்த பாலோடு மருந்தும் போகும். இரும்பு, கால்சியம் சொட்டு மருந்துகளோடும் சோயா பாலோடும் சேர்க்கக்கூடாது, உறிஞ்சுதல் குறையும்.

ஓர் எச்சரிக்கை. டிஎஸ்எச் மட்டும் பார்க்கும் ஸ்கிரீனிங், பிட்யூட்டரி (டிஎஸ்எச்சைச் சுரக்கும் மூளையடிச் சுரப்பி) கோளாறால் வரும் தைராய்டு குறைபாட்டைக் கண்டுபிடிக்காது. அங்கே டிஎஸ்எச் ஏறவே ஏறாது. மஞ்சள் காமாலை நீடிக்கிறது, சர்க்கரை அடிக்கடி இறங்குகிறது, ஆண் குழந்தைக்குக் குறி மிகச் சிறிதாக இருக்கிறது என்றால், அட்டை நார்மல் என்று சொல்லி முடித்துவிடாதீர்கள்.

17-ஓஹெச்பி என்ற அட்ரினல் ஹார்மோன் கூடியிருந்தால் (பிறவி அட்ரினல் மிகைவளர்ச்சி நோய்) அவசரம் இதைவிட அதிகம். உப்பை இழக்கும் வகையில் இரண்டாவது வாரத்தில் சோடியம் இறங்கி, பொட்டாசியம் ஏறி, குழந்தை வாந்தியெடுத்து ஷாக்கில் போகும். பெண் குழந்தையில் பிறப்புறுப்பு மாற்றம் கண்ணில் படும். ஆண் குழந்தை பார்க்க இயல்பாகவே இருக்கும், அதனால்தான் ஸ்கிரீனிங் இல்லாத இடங்களில் ஆண் குழந்தைகளைத் தவறவிடுகிறார்கள். அன்றைக்கே வரவழைத்து எலெக்ட்ரோலைட், சர்க்கரை பாருங்கள். இன்னொன்று: 'ஆண்' என்று எழுதிய குழந்தைக்கு இரண்டு விரைகளுமே கைக்குத் தட்டுப்படவில்லை என்றால் அட்டை முடிவுக்காகக் காத்திருக்காமல் கூப்பிடுங்கள். அது இந்த நோயுள்ள பெண் குழந்தையாக இருக்கலாம்.

---

என்ஐசியூ_இரவுப்பணி (பச்சிளம் குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவு):

மூன்றாவது கேள்விக்கு. ரத்தம் ஏற்றப்போகிறார்கள் என்றால் வயது எத்தனை மணியானாலும் ஏற்றுவதற்கு முன் ஓர் அட்டை. ஏற்றிவிட்டால், ஜி6பிடி (சிவப்பணுவைக் காக்கும் நொதி), கேலக்டோசீமியாவுக்கான (பால் சர்க்கரையைச் செரிக்க முடியாத பிறவி நோய்) கால்ட் நொதி, ஹீமோகுளோபின் வகை மூன்றும் சிவப்பணுவுக்குள் இருப்பவை. நீங்கள் அளப்பது ரத்தம் கொடுத்தவருடையதை. மறுபடி நம்பிப் பார்க்க 3, 4 மாதம் ஆகும்.

குறைமாதக் குழந்தைக்கு, மூளையிலிருந்து தைராய்டுக்குப் போகும் கட்டளைத் தொடர் முதிரவில்லை. டிஎஸ்எச் ஏற வேண்டிய நேரத்தில் ஏறாமல் சில வாரம் கழித்து ஏறும். முதல் அட்டை நார்மல் என்றாலும் 2 வார வயதில் இன்னொன்று எடுக்கிறோம். அதே குழந்தைகளில் 17-ஓஹெச்பி இயல்பாகவே கூடுதலாக இருக்கும், அதனால் ஆய்வகம் எடையையும் கர்ப்ப வாரத்தையும் வைத்துத்தான் எல்லை பார்க்கும். அட்டையில் அந்த இரண்டு கட்டங்களைக் காலியாக விட்டால் நல்ல ரத்தமும் வீண்.

ஒரே கருவிலிருந்து வந்த இரட்டையரில் கருவிலேயே ரத்தம் கலந்திருக்கும். ஒரு குழந்தையின் தைராய்டு குறை, மற்றதன் ஹார்மோனால் மறைந்துபோகும். இருவருக்கும் 2 வாரத்தில் மறுபடி. 'முதல்', 'இரண்டாம்' என்று அட்டையில் எழுதுவது முக்கியம். பெயர் வைக்காத வயதில் இருவருமே 'இன்னாரின் குழந்தை'தான்.

நரம்பு வழி அமினோ அமிலம் போகும் குழந்தையில் பல அமினோ அமிலங்கள் ஒருசேர உயரும், அதையும் எழுதுங்கள். தொப்புளுக்கும் தோலுக்கும் போவிடோன் அயோடின் தாராளமாகப் பூசும் வழக்கம் இருந்தால் நிறுத்துங்கள். அயோடின் உள்ளே போய்த் தைராய்டைத் தற்காலிகமாக அமுக்கும், டிஎஸ்எச் ஏறும், உங்கள் மறுஅழைப்புப் பட்டியல் நீளும்.

ஒரு விஷயத்தில் மட்டும் ஸ்கிரீனிங்கை நம்ப வேண்டாம். மூன்றாம், நான்காம் நாளில் பால் குடிக்காமல் துவண்டு கிடக்கும் குழந்தைக்கு அட்டை முடிவு வரட்டும் என்று உட்காரக்கூடாது. சர்க்கரை, ரத்த வாயு, கீட்டோன், அம்மோனியா உடனே. அம்மோனியாவுக்குத் தடையில்லாமல் வழியும் ரத்தம், ஐஸில் வைத்து நேராக ஆய்வகத்துக்கு. அம்மோனியாவை அகற்ற முடியாத யூரியா சுழற்சிக் கோளாறுகளில் சிலவற்றை அட்டை பிடிப்பதே இல்லை. காமாலையோடு ஈ.கோலை செப்சிஸ் என்றால் கேலக்டோசீமியாவை நினையுங்கள், பாலை நிறுத்திவிட்டு நொதியைப் பாருங்கள்.

---

வார்டு_செவிலி:

நன்றி. இரண்டு துணைக் கேள்விகள். கேனுலா போடும்போது எடுத்த ரத்தத்தையே அட்டையில் சொட்டலாமா? தொப்புள்கொடி ரத்தம் போதாதா?

---

பொட்டு_மேஜை:

சிரிஞ்சிலிருந்து நேராக, ஊசி நுனி பேப்பரைக் கீறாமல் சொட்டலாம். ஊதா மூடி ஈடிடிஏ குழாயில் ஊற்றியதை மட்டும் அட்டைக்குக் கொண்டுவராதீர்கள். பல இடங்களில் டிஎஸ்எச் அளக்கும் முறை யூரோப்பியம் ஒளிர்வை நம்பியிருக்கிறது. ஈடிடிஏ அந்த உலோகத்தைப் பிடித்துக்கொண்டு ஒளியைக் குறைத்துவிடும். டிஎஸ்எச் பொய்யாகக் குறையும், 17-ஓஹெச்பி பொய்யாகக் கூடும். வெளியிலிருந்து பார்த்தால் பொட்டு அழகாக இருக்கும், அதுதான் தொல்லை.

கொடி ரத்தம் டிஎஸ்எச்சுக்கும் ஜி6பிடிக்கும் ஆகும், டிஎஸ்எச் எல்லை மட்டும் வேறு. வளர்சிதை நோய்களுக்கும் 17-ஓஹெச்பிக்கும் ஆகாது. ஜி6பிடி பற்றி ஒரு சொல்: நொதி வெப்பத்திலும் ஈரத்திலும் அழியும். புழுக்கமான நாளில் ஈர அட்டையை பிளாஸ்டிக் பையில் மூடி அனுப்பினால் ஜி6பிடியும் கால்ட்டும் பொய்யாகக் குறைந்து வரும். முழுக்கக் காய்ந்த பிறகு பையில் போடுவதானால் ஈரமுறிஞ்சிப் பொட்டலத்தோடு போடுங்கள்.

---

காது_ஆக்சி:

அட்டையோடு மற்ற இரண்டு ஸ்கிரீனிங்கையும், பிறவி இதயக் கோளாறுக்கான பல்ஸ் ஆக்சிமீட்டரையும் காதுச் சோதனையையும், அதே குறிப்பில் சேர்த்துவிடுங்கள்.

பல்ஸ் ஆக்சிமீட்டர் 24 மணிக்கு மேல், வலது கையிலும் ஏதாவது ஒரு காலிலும். இடது கை வேண்டாம், அங்கே டக்டஸ் (கருவில் இரு பெருநாளங்களை இணைத்த குழாய்) வழி வரும் ரத்தம் கலந்திருக்கலாம். இரண்டிலும் ஆக்சிஜன் அளவு 95%-க்குக் குறையாமல், வித்தியாசம் 3-க்குள் என்றால் தேர்ச்சி. எங்காவது 90-க்குக் கீழ் என்றால் மறுபரிசோதனை கிடையாது, நேராக மருத்துவரும் எக்கோவும் (இதய ஸ்கேன்). கை 97, கால் 93 என்று வந்தால் கை நன்றாக இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். வித்தியாசம் 4, ஒரு மணி நேரம் கழித்து மறுபடி. பெருந்தமனிக் குறுக்கம் இந்தச் சோதனைக்கு அடிக்கடி டிமிக்கி கொடுக்கும், தொடை நாடியைத் தொட்டுப் பார்ப்பதை இது மாற்றாது.

காதுக்கு ஓஏஇ (உட்காது திருப்பித் தரும் ஒலியை அளக்கும் சோதனை) முதல் நாளில் எடுத்தால் காதுக் குழாயில் உள்ள மெழுகுப் பூச்சும் நீரும் 'ரெஃபர்' (தேறவில்லை) காட்டும், டிஸ்சார்ஜுக்குச் சற்று முன் எடுங்கள். என்ஐசியூவில் 5 நாளுக்கு மேல் இருந்த குழந்தைக்கும், காமாலைக்கு ரத்த மாற்று செய்த குழந்தைக்கும் ஓஏஇ போதாது. செவி நரம்புக் கோளாறில் ஓஏஇ நார்மலாகவே வரும், அவர்களுக்கு ஏஏபிஆர் (செவி நரம்பின் மின்பதிலை அளக்கும் சோதனை). கணக்கு 1-3-6: ஒரு மாதத்துக்குள் ஸ்கிரீனிங், மூன்றுக்குள் நோய் உறுதி, ஆறுக்குள் கருவியும் பயிற்சியும். காது தேறாத குழந்தைக்கு சிஎம்வி (காது கேளாமையை உண்டாக்கும் ஒரு வைரஸ்) பிசிஆர் பார்ப்பதானால் 21 நாளுக்குள். அதற்கப்புறம் வந்தது கருவிலேயே தொற்றியதா, பிறந்தபின் தொற்றியதா என்று பிரிக்க முடியாது. எச்சில் எடுப்பதானால் பால் குடித்து ஒரு மணி நேரம் கழித்து; தாய்ப்பாலிலும் அந்த வைரஸ் இருக்கும்.

---

ஹார்மோன்_ஓபி:

பெற்றோரைப் போனில் எப்படி வரச் சொல்வது என்பதை விட்டுவிட்டேன். 'உங்கள் குழந்தைக்குத் தைராய்டு நோய்' என்று சொல்லாதீர்கள், அது இன்னும் தெரியாது. 'சும்மா ஒரு ரிப்பீட்' என்றும் சொல்லாதீர்கள், அப்படிச் சொன்னால் வரமாட்டார்கள். 'முதல் சோதனையில் ஓர் எண் எல்லையைத் தாண்டியிருக்கிறது. நோயா இல்லையா என்பது இன்னொரு ரத்தத்தில்தான் தெரியும். நாளைக் காலை குழந்தையோடு வாருங்கள். பால் கொடுப்பதை நிறுத்த வேண்டாம்.' கேலக்டோசீமியா சந்தேகத்தில் மட்டும் கடைசி வாக்கியம் மாறும். குழந்தை பால் குடிக்க மறுக்கிறதா, வாந்தி உண்டா, தூங்கி வழிகிறதா என்று அதே அழைப்பில் கேளுங்கள். ஏதாவது ஒன்றுக்கு ஆம் என்றால் நாளைக் காலை கிடையாது, இப்போதே.

அட்டை எடுக்கும்போதே இரண்டு போன் எண்கள் வாங்குங்கள். தலைப்பிரசவத்துக்குப் பிறந்த வீட்டுக்குப் போகிறவர் என்றால் அந்த வீட்டு எண்ணும். பிரசவப் பதிவேட்டில் ஒவ்வொரு பிறப்புக்கு எதிரிலும் மூன்று கட்டங்கள் போதும்: அட்டை எடுத்த நேரம், அனுப்பிய தேதி, முடிவு வந்த தேதி. மூன்றாவது கட்டம் ஏழு நாளாகக் காலியாக இருந்தால் அதை நார்மல் என்று எடுத்துக்கொள்ளாமல் ஆய்வகத்துக்குப் போன் போடுங்கள்.